எட்டு மாத்திரை மிச்சம்

மாத்திரை எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் கேட்டவர் அவளுடைய கணவர்தான். அவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். "ஆஸ்பத்திரியில வேலைன்னு சொன்னாங்க. நர்ஸுன்னு நெனச்சு தலையாட்டிட்டேன்" என்று நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்லுவார். கத்தி கழுத்தில் இருக்கும்போது யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்?

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து ஆய்வுப் பிரிவில். ஒரு புது மருந்து கடைக்கு வருவதற்கு முன்னால், அது நோயைக் குறைக்கிறதா, வேறு ஏதாவது கெடுதல் செய்கிறதா என்று பார்க்கும் இடம். சம்மதிக்கிற நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து கொடுப்பார்கள். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, எண்ணுகிற அவளுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், மனசு சாய்ந்தால் கணக்கும் சாயும். வெளியூரில் உட்கார்ந்திருக்கும் கணக்கு நிபுணர்களிடம் மட்டும் அந்த ரகசியப் பட்டியல் இருக்கும்.

அவள் பங்கு மிகச் சின்னது. நோயாளி மாதம் ஒருமுறை மிச்ச மாத்திரையோடு டப்பாவைத் திருப்பிக் கொடுப்பார். அதைத் தட்டில் கொட்டி, தட்டையான கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணி, நோட்டில் எழுதவேண்டும். ஒரு டப்பாவில் அறுபத்து நான்கு. ஒரு நாளைக்கு இரண்டு வீதம் இருபத்தெட்டு நாளைக்கு ஐம்பத்தாறு. தவறி விழுந்தால் இருக்கட்டும் என்று எட்டு கூடுதல். எட்டு திரும்பி வந்தால் அந்த ஆள் ஒழுங்காக மருந்து சாப்பிட்டிருக்கிறார். இருபது திரும்பி வந்தால் சாப்பிடவில்லை. பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறாள்.

சொந்தக்காரர்களுக்கு இது புரியாது. நாத்தனார் போன் செய்து தலைசுற்றலுக்கு எது நல்லது என்று கேட்பாள். மைத்துனர் இரண்டு மாத்திரையைப் படம் எடுத்து அனுப்பி, எது உசத்தி என்பார். "நான் எண்ணுறவ மட்டும்தான்" என்று அவள் சொன்னால், அடக்கமான பொம்பளை என்று இன்னும் நான்கு பேரிடம் சொல்லி வைப்பார்கள்.

இப்போது ஆய்வில் இருந்தது மூட்டுவலி மாத்திரை. வலியைக் குறைக்கிற மாத்திரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு வயிற்றைப் புண்ணாக்குகிற குணமும் கூடவே இருக்கிறது. இந்தப் புது மாத்திரை முட்டியைக் கவனிக்கும், வயிற்றைத் தொந்தரவு செய்யாது என்பதுதான் பேச்சு. பேச்சு நிஜமா என்று பார்க்க இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

அவளுக்கு அந்த மாத்திரையின் மேல் ஒரு தனி ஆசை இருந்தது. ஆசை இருக்கக்கூடாது என்பதும் தெரிந்துதான் இருந்தது. முப்பது வருஷம் நின்றுகொண்டே முடி வெட்டியதில் அவள் கணவரின் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. நான்கு வருஷத்துக்கு முன் மெடிக்கல் கடையில் அவராகவே வலி மாத்திரை வாங்கி, கடலை கொறிக்கிற மாதிரி கொறித்து, ஒருநாள் கடையிலேயே ரத்த வாந்தி எடுத்தார். பதினொரு நாள் வார்டில் கிடந்து வந்தவருக்கு அந்த ஜாதி மாத்திரை எதுவும் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வயிறு பிழைத்தது. முட்டி மட்டும் அவரை விடுவதாக இல்லை.

பாதி ஆய்வு முடிந்ததும் வெளியூர் நிபுணர்கள் ஓர் அறிக்கை அனுப்பினார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு வலி கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. வயிற்றுத் தொந்தரவு இரண்டு கூட்டத்திலும் சேர்த்தே மூன்று பேருக்குத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். வேறு மாத்திரை சாப்பிட வழியில்லாத வயிற்றுப்புண்காரர்கள் இருபது பேருக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. அந்த இருபதில் ஒரு பெயர் அவள் கணவருடையது. பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தயாராக வைத்துவிட்டார். வாடிக்கையாளர்களுக்கும் செய்தி போயிற்று. பொண்டாட்டி எண்ணிய மாத்திரை, பிறகென்ன கவலை?

அந்த முதல் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அறைச் சாவி வைத்திருக்கும் காவலாளி வரத் தாமதமானது. அவள் வெளியே நோயாளிகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் தலையில் தொப்பியும் வாயில் முகமூடியும் இருக்கும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கண் மட்டும்தான் தெரியும். இப்போது சாதாரணப் புடவையில், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பெஞ்சில் ஒரு பரபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாக எல்லோரும் டப்பாவைத் திறந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து ஒவ்வொரு கையாகப் பார்த்து வந்தார். அவளிடமும் வந்து நின்றார்.

"உங்களது எத்தனைம்மா மிச்சம்?"

எண்ணவில்லை என்றாள். அவள் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான்.

"எண்ணிக்குங்க. எட்டு இருக்கணும். கூட இருந்தா அந்தத் தொட்டியில போட்டுருங்க. உள்ள கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு அம்மா இருக்காங்க. தங்கமானவங்க, ஒரு வார்த்தை திட்ட மாட்டாங்க. ஆனா கணக்கு தப்புச்சுன்னா ஒரு பெருமூச்சு விடுவாங்க பாருங்க. நம்ம வீட்டுல சாவு விழுந்த மாதிரி இருக்கும்."

அவள் தொட்டியைப் பார்த்தாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த மணி பிளான்ட் தொட்டி அது. மண்ணுக்கு மேலே வெள்ளையாகக் கரைந்தும் கரையாமலும் ஒரு படலம். செடி என்னவோ தளதளவென்று இருந்தது. அதற்கு மருந்துதான் காரணமா என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை போடாத இன்னொரு தொட்டி இல்லை.

ஏன் மாத்திரை சாப்பிடவில்லை என்று அவள் மெதுவாகக் கேட்டாள். பத்து நாள் சாப்பிட்டதில் வயிறு அடுப்பாக எரிந்தது, விட்டுவிட்டேன் என்றார் கண்டக்டர். டாக்டரிடம் சொல்லவேண்டியதுதானே என்றாள்.

"சொன்னா தொண்டையில குழாயை விட்டுப் பாப்பாங்க. அதுவும் இல்லாம அந்தச் சின்ன டாக்டரு, பாவம், எவ்வளவு பாடுபடுறாரு. வலி பத்துக்கு எத்தனைன்னு கேப்பாரு. போன மாசம் அஞ்சு சொன்னேன், இந்த மாசம் நாலு. படக்குனு ரெண்டுக்கு எறக்கக் கூடாதும்மா, சந்தேகம் வந்துரும்."

அப்போது பக்கத்திலிருந்த இஸ்திரிக் கடை அம்மா தன்னிடம் மூன்றுதான் இருக்கிறது, வலி தாங்காமல் கூடப் போட்டுவிட்டேன் என்றாள். கண்டக்டர் சில்லறை கொடுக்கிற சுருக்கில் தன் டப்பாவிலிருந்து ஐந்தை எடுத்து அந்த அம்மா கையில் வைத்தார். ஒருவருடையது மருந்தாகவும் மற்றவருடையது வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம். அதற்காகத்தான் வெளியூரில் அத்தனை பேர் ரகசியத்தைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

காவலாளி வந்தான். அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய், தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குப் பதினான்கு டப்பா. பதினான்கிலும் எட்டு. கண்டக்டரின் டப்பாவை எண்ணும்போது நெஞ்சு வரைக்கும் வந்த பெருமூச்சை அவள் முழுங்கினாள். இத்தனை வருஷமாகத் தான் மூச்சு விடுவது வெளியே கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. யாரையும் கடிந்து பேசியதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள்.

இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடையை மூடிவிட்டு வந்த கணவர் பட்டியலில் தன் பெயர் எத்தனையாவது என்று கேட்டார். ஏழாவது என்றாள். ஏழு நல்ல நம்பர் என்றார்.

அவள் மனசுக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் கணக்கு, நிபுணர்களின் அறிக்கை. இன்னொரு தட்டில் பெஞ்சில் ஒரு மனிதர் சொன்ன பேச்சு. கண்டக்டரின் வயிறு வேறு எதனாலும் எரிந்திருக்கலாம். அவர் சாப்பிட்டதே வெறும் மாத்திரையாகக்கூட இருக்கலாம். பேசாமல் இருந்தால் முதல் தேதி கணவருக்கு மருந்து கிடைக்கும். அந்த மருந்து வயிற்றை எரிப்பதாக இருந்தால், ஒருமுறை பொத்துக்கொண்ட வயிறு இன்னொரு முறை தாங்குமா? வாயைத் திறந்தால் பட்டியலே நின்றுபோகலாம். மருந்து உண்மையிலேயே நல்லதாக இருந்தால், அவர் முட்டிக்கு வந்த ஒரே வழியை அடைத்தவள் என்ற பேர் மிஞ்சும்.

மூன்றாம் நாள் சின்ன டாக்டரிடம் போய்ச் சொன்னாள். இந்த ஆய்வைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தவர் அவர். கேட்கக் கேட்க அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அவருக்காக வலியைக் குறைத்துச் சொன்ன நோயாளிகள் மேல் தப்பே இல்லை என்று தோன்றும்.

"ஒருத்தர் பெஞ்சுல சொன்னது ஆதாரம் ஆகுமாக்கா?"

"ஆகாது டாக்டர். ஆனா எல்லாரும் எட்டு எட்டா கொண்டு வந்ததும் ஆகாதே."

இருவரும் ஆய்வுக்குப் பொறுப்பான பெரிய டாக்டரம்மாவிடம் போனார்கள். அந்தம்மா நோட்டை வாங்கி, எட்டு எட்டாக இறங்கிய பத்தியை விரலால் தடவிக்கொண்டே போனார். "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒரே மார்க் வாங்கினா உடனே சந்தேகப்படுவேன். இதைப் பார்த்து எப்படிச் சந்தோஷப்பட்டேன்னு தெரியல" என்றார். பிறகு என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டார். அதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவள் சொன்ன யோசனை எளிமையானது. வெளியிலிருந்து வரும் டப்பாக்களில் எல்லாம் ஒரே அறுபத்து நான்கு இருப்பதால்தான் எட்டு என்ற விடை ஊருக்கே தெரிந்திருக்கிறது. அடுத்த மாத டப்பாக்களில் கூடுதல் மாத்திரையை ஆளுக்கு ஒரு விதமாக வைக்கச் சொல்லலாம். ஒருவருக்கு ஐந்து, இன்னொருவருக்குப் பத்தொன்பது, வேறொருவருக்கு முப்பத்து நான்கு. எந்த டப்பாவில் எத்தனை என்பது தன் நோட்டில் மட்டும் இருக்கட்டும். மூடியில், 'கூடுதல் மாத்திரை முன்பின் இருக்கும், மிச்சம் அத்தனையும் கொண்டு வரவும்' என்று ஒட்டிவிடலாம். பெரிய டாக்டரம்மா மேலே எழுதி அனுமதி வாங்கினார். இருபது பேர் பட்டியலை ஒரு மாதம் தள்ளிவைத்தார்.

வீட்டில் அந்தச் செய்தி நன்றாக இறங்கவில்லை. ஏன் தள்ளிப்போனது என்று கேட்டவரிடம் தன்னால்தான் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

"ஊர்ல இருக்கற முட்டிக்கெல்லாம் நியாயம் பாக்கற. என் முட்டி உன் கண்ணுக்குத் தெரியல."

அவருடைய வயிற்றைப் பற்றி அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கும் அவளிடம் அப்போது ஆதாரம் இல்லை.

மூடியில் ஒட்டியதை யாரும் படிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து டப்பாக்கள் திரும்பி வரத் தொடங்கின. முதல் டப்பாவில் உள்ளே போனது தொண்ணூறு, வந்தது எட்டு. கணக்குப்படி, ஐம்பத்தாறு விழுங்கவேண்டியவர் எண்பத்திரண்டு விழுங்கியிருக்கிறார். அடுத்ததில் எழுபத்தைந்து போயிருந்தது, வந்தது எட்டு. அடுத்தவருக்குக் கூடுதலே ஐந்துதான். அவரும் எங்கிருந்தோ மூன்றைக் கடன் வாங்கி எட்டாக்கிக் கொண்டுவந்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு டப்பாவில் நூற்று இருபத்தொன்றில் சரியாக எட்டு. மூச்சு விடாமல் எண்ணிமுடித்து நோட்டைப் பெரிய டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். சின்ன டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கோட்டு தைக்க வேண்டாம் என்று தையல்காரருக்குப் போன் செய்தார்.

பிறகு நடந்தது பெஞ்சில்தான். பெரிய டாக்டரம்மா நோயாளிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, மாத்திரை சாப்பிடாதது குற்றமில்லை, சாப்பிட முடியவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வே என்றார். சம்மதம் இல்லாமல் யார் தொண்டையிலும் எதையும் விடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். அவளும் தொப்பியையும் முகமூடியையும் கழற்றிவிட்டு வெளியே வந்து நின்றாள். கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அது? நல்லவேளை, உங்களைப் பத்தி நல்லதாத்தான் சொல்லிருக்கேன்."

"பெருமூச்சைப் பத்தியும் சொன்னீங்க."

"அது உள்ளதுதானேம்மா" என்றார் அவர்.

எல்லோரையும் முதலிலிருந்து மறுபடி விசாரித்தார்கள். மூன்றாக இருந்த வயிற்றுத் தொந்தரவு முப்பத்தெட்டு ஆனது. வெளியூர் நிபுணர்கள் ரகசியப் பட்டியலைத் திறந்து பார்த்ததில், அந்த முப்பத்தெட்டில் இருபத்தொன்பது பேர் நிஜ மருந்து சாப்பிட்டவர்கள். கண்டக்டரும் அதில் ஒருவர். வலி குறைந்ததா என்பதற்கு மட்டும் ஒரு பதிலும் கிடைக்கவில்லை. வெறும் மாத்திரை வாங்கியவர்களின் வலியும் மாதம் ஒன்று வீதம் மரியாதையாகக் குறைந்துகொண்டேதான் வந்திருந்தது. ஆய்வைப் புதிதாக, வேறு நோயாளிகளோடு தொடங்கவேண்டும் என்று எழுதினார்கள். இருபது பேர் பட்டியல் கிழிக்கப்பட்டது. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கக்கூடாது என்று தனியாக ஒரு வரி சேர்த்தார்கள்.

அந்த வரியை அவள் வீட்டில் வந்து சொன்னாள். கணவர் முழுக்கக் கேட்டார்.

"அப்ப அது வலியைக் குறைக்குமா, குறைக்காதா?"

"தெரியல."

"பத்தொம்பது வருஷமா எண்ணற. தெரியலங்கற."

"முன்னாடி தெரியும்னு நெனச்சிட்டிருந்தோம். இப்பத்தான் தெரியலன்னு தெரிஞ்சிருக்கு."

இதைவிட மோசமான ஆறுதலை எந்தப் புருஷனும் கேட்டிருக்க மாட்டான். அவர் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர், சாவி என்று ஒற்றைச் சொல்லில்தான் பேச்சு நடந்தது. நான்காம் நாள் அவரே வந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் கவரை அவளிடம் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னார். அந்த இருபத்தொன்பது பேரில் யாராவது ரத்த வாந்தி எடுத்தார்களா என்று கேட்டார். இல்லை, அதற்குள் நிறுத்திவிட்டார்கள் என்றாள். "எனக்கு நிறுத்தத் தெரியாதே" என்று மட்டும் சொன்னார்.

முட்டி சிகிச்சை நிபுணரிடம் கேட்டுவிட்டு அவள் ஒரு யோசனை சொன்னாள். உட்கார்ந்துகொண்டே முடி வெட்டுகிற மாதிரி சக்கரம் வைத்த உயரமான முக்காலி ஒன்று கிடைக்கிறது, முட்டியின் பாரம் குறையும். அவர் வாங்கினார். ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிரமாதம் என்றார். வலி எத்தனை என்றாள். பத்துக்கு நாலு என்றார். போன வாரம் ஐந்து.

அஞ்சு, நாலு. இந்தப் படிக்கட்டை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கடைக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் போய் நின்றாள். ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து தலை. முக்காலியில் உட்கார்ந்து வெட்டியது ஒன்று, அதுவும் ஒரு சின்னப் பிள்ளைக்கு. மற்ற நான்கையும் நின்றுகொண்டே வெட்டினார். காலி முக்காலியில் காத்திருந்தவர்கள் பேப்பர் படித்தார்கள்.

சாயங்காலம் அவர் வந்ததும் அவள் சண்டை போடவில்லை.

"அஞ்சு தலை. ஒண்ணுக்குத்தான் உக்காந்தீங்க."

அவர் பிடிபட்ட பிள்ளை மாதிரி சட்டைப் பொத்தானைத் தடவினார். உட்கார்ந்து வெட்டினால் சோம்பேறி என்று நினைக்கிறார்களோ என்று தோன்றுகிறது, கையும் பழகவில்லை என்றார். பிறகு ஏன் நாலு என்று சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"நீ அலைஞ்சு திரிஞ்சு விசாரிச்சு வாங்கச் சொன்ன. நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அவளுக்குப் பெருமூச்சு வந்தது. அதைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சரி, இப்பச் சொல்லுங்க. எத்தனை?"

அவர் இரண்டு முட்டியையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். வலதை நீட்டி மடக்கினார்.

"வலது எட்டு. எடது ஏழு. ஏழரைன்னு வெச்சுக்க."

நல்ல செய்தி ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுந்து போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து, தேதி போட்டு, இரண்டு எண்ணையும் எழுதினாள். நாளையிலிருந்து ஒரு வாரம் எல்லாத் தலைக்கும் உட்கார்ந்தே வெட்டவேண்டும், அடுத்த வாரம் எல்லாத் தலைக்கும் நின்றே வெட்டவேண்டும், தினமும் அவள் இல்லாத நேரத்தில் அவரே எண்ணை எழுதி மூடி வைக்கவேண்டும் என்றாள்.

"கூடிப்போச்சுன்னா?"

"கூடுனதை எழுதுங்க" என்று சொல்லி, பேனாவை நோட்டின் நடுவில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.